சாவா மூவா

1

புதுவைக் கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் சரிந்து விழுந்தது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன நகரசபை மாளிகை அது. இடிபாட்டைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். கூட்டத்தில் என் காதில் விழுந்த பேச்செல்லாம் அதைக் கட்டியவர்களைப் பற்றியதாகவே இருந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்பு, அந்தக் காலத்துத் தேக்கு, அந்தக் காலத்து மனிதர்கள். சுவரில் முளைத்த ஆலங்கன்றை வருஷா வருஷம் பிடுங்க வேண்டியவன் யார், மாடியில் தேங்கிய நீரை வழித்துவிட வேண்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஒரு பெயர் இருந்திராது. 2021இல் அதே இடத்தில் அதே முகத்தோடு கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. முகம் பழையது, உடம்பு புதிது.

ஆக்குவதற்குப் பெயர் உண்டு, காப்பதற்குப் பெயர் இல்லை என்பது நம் பண்பாட்டின் பழைய நோய். இலக்கியத்தில் இன்னும் மோசம். சிருஷ்டி என்ற சொல்லைச் சொன்னாலே நமக்குக் குரல் தழைகிறது. பராமரிப்பு என்றால் பொதுப்பணித்துறை நினைவுக்கு வருகிறது. இந்த நோயை இலக்கியத்துக்குள்ளேயே நின்று பேசினால் சுற்றிச் சுற்றி நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். எனவே நம் இதழ்களில் எவரும் பேசாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பக்கம் கட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது அன்றாடம் கைபடும் விஷயம். கணினித் திரையில் நாம் பார்க்கும் முகத்தை யார் செய்கிறார்கள், செய்தபின் யார் காக்கிறார்கள், அவர்களுக்கும் நமக்கும் இடையே தார்மீகமான உறவு ஏதேனும் உண்டா என்பது கேள்வி.

2

ஈய எழுத்துக் கோத்த நாட்களில் 'கொ' என்று கோக்க கம்பாசிட்டர் மூன்று அறைகளுக்குக் கை நீட்டினார். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். எழுதியவர் மனத்தில் அது ஒரே எழுத்து. கோப்பவர் கையில் மூன்று ஈயத்துண்டுகள். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கம்பாசிட்டரின் விரல்கள் யாருக்கும் தெரியாமல் கடந்தன.

கணினியிலும் அந்தத் தூரம் இருக்கிறது. சேமிப்பில் க முதலில் இருக்கும், ஒகரக் குறி அதன் பின்னால். திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் போய் நிற்க வேண்டும். யாரோ எழுதிய நிரல் இந்த வேலையைச் செய்கிறது. கம்பாசிட்டரின் விரல்கள் அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இத்தகைய வேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்துகொள்வதில்லை. ஒவ்வொரு அச்சகமும் தன் எழுத்தைத் தானே வார்க்காமல் வார்ப்படசாலையில் வாங்கியது போல, நிரல் எழுதுகிறவர்களும் பொத்தான், பட்டி, உருள்பட்டை, எழுதும் கட்டம் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்கும் ஒரு தொகுதியை எடுத்துக் கையாள்கிறார்கள். டூல்கிட் என்கிறார்கள். கருவித்தொகுதி என்று சொல்லலாம். இவற்றில் ஜிடிகே, க்யூட் போன்றவை திறந்த மூலத் தொகுதிகள். அவற்றின் மூலநிரல் ஊரறிய வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை உரிய நிபந்தனைகளோடு பிறருக்குத் தரலாம்.

ஜிடிகேயின் கதை நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. 1990களின் நடுவில் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் படம் திருத்தும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அதன் பெயர் கிம்ப். முதலில் மோட்டிஃப் என்ற, விலைக்கு விற்ற கருவித்தொகுதியின்மேல் அதைக் கட்டினார்கள். அது பிடிக்காமல் போகவே பொத்தான்களையும் பட்டிகளையும் தாங்களே செய்தார்கள். கிம்பின் கருவித்தொகுதி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஜிடிகே. படிப்பு முடிந்தது, இருவரும் போய்விட்டார்கள். தொகுதி வேறு கைகளுக்கு வந்தது. 1997இல் தொடங்கிய க்னோம் என்ற திரைச்சூழல் அதைத் தன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் உலகத்து எழுத்துகளையெல்லாம் வரைவதற்கான பாங்கோ சேர்ந்தது. எல்லாம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் மொழி என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது. தமிழ்க் கொம்பு சரியான இடத்தில் நிற்கத் தொடங்கியது இப்படிப்பட்ட வேலைகளால்தான்.

மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தது, நான்காவது 2020இல். இடையில், 2012இல், பெஞ்சமின் ஓட்டே என்ற நிரலாளர் ஜிடிகேயில் முழுநேரமும் உழைப்பது தாம் ஒருவரே என்று வெளிப்படையாக எழுதினார். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ திரைகளுக்கு முகமாக நின்ற ஒன்றின் பின்னால் முழுநேரமும் நின்றது ஒரு மனிதர். இன்னொரு செய்தியும் உண்டு. எந்தக் கிம்புக்காக இந்தத் தொகுதி பிறந்ததோ அந்தக் கிம்ப், மூன்றாம் பதிப்புக்கு மாறி வெளிவந்தது 2025 மார்ச்சில். பதினான்கு வருஷம் கழித்து. அதற்குள் நான்காவது பதிப்பே வந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பிள்ளை முன்னால் ஓடிப்போக, பெற்றவள் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தாள். அந்த இடைவெளிக்கு முக்கிய காரணம் ஆள் பற்றாக்குறை. வேறு ரகசியம் இல்லை.

3

இனி கேள்விக்கு வரலாம். இலவசமாய்க் கொடுத்தவனுக்கு, கொடுத்த பிறகும் கடமை இருக்கிறதா?

உரிமம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பிழை இருக்கலாம், நாளை நின்றுபோகலாம், எடுத்துக்கொள்வது உன் பொறுப்பு. சட்டம் அத்தோடு முடிகிறது. இதையே அறமாகவும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் கேட்டா நீ பயன்படுத்தினாய் என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பு வேறு விதமாகப் பேசுகிறது. உன்னை நம்பி லட்சம் பேர் வந்துவிட்டார்கள், இனி நீ சுதந்திரமானவன் இல்லை என்கிறது. முதல் வாதத்தில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. இரண்டாவதில் அதைவிட மோசமான ஒன்று, பெற்றுக்கொண்டவனின் ஆணவம், இருக்கிறது.

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த இரண்டு குரல்களும் பழக்கமானவை. இதழ் ஏன் தாமதம் என்று சந்தா கட்டாதவர் கடிதம் எழுதுவார். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. பத்திரிகை நிற்கலாம். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. நின்றதால் அதன் பழைய இதழ்கள் கெட்டுப்போகவில்லை. இன்று எடுத்தாலும் அன்று அச்சானபடியே வாசிக்கலாம். கருவித்தொகுதி நின்றுவிட்டால் அப்படி இருக்காது. அதன் கீழே தரை நகர்ந்துகொண்டேயிருக்கிறது. யந்திரம் மாறுகிறது, திரை மாறுகிறது, அடியில் இருக்கும் மற்ற நிரல்கள் மாறுகின்றன. கைபடாமல் வைத்த நிரல் சில வருஷங்களில் தானாகவே ஓடாமல் போகும். அதில் ஒரு வரிகூட மாறியிருக்காது, ஆனாலும் அது செத்திருக்கும். பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது.

இதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் சோழர் காலத்துக் கல்வெட்டுக்காரர்கள். கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிய, கொடையாளி பெரும்பாலும் 96 ஆடு விட்டான். அந்த ஆடுகளைப் பெற்ற மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தருகிற பெயர் சாவா மூவாப் பேராடு. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு சாகாமல் இருக்குமா? 96இல் ஒவ்வொன்றும் செத்தது. செத்ததற்கு ஈடாகக் குட்டி எண்ணிக்கையில் சேர்ந்தது. தொகை மட்டும் சாகவில்லை. ஒவ்வொரு ஆட்டையும் மாற்றிக்கொண்டே மந்தையை அதே மந்தையாக வைத்திருப்பது மன்றாடியின் தொழில். ஜிடிகேயில் 1998இல் இருந்த வரிகளில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன என்பது பெரிய விஷயமில்லை. எண்ணிக்கை குறையவில்லையா, விளக்கு எரிகிறதா என்பதே விஷயம்.

புதுவைக்குத் தெற்கே பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். இத்தகைய சாசனங்களின் முடிவில் பல இடங்களில் ஒரு வாசகம் வரும். இந்த தர்மத்தைக் காக்கிறவனுடைய பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவன் சொல்வதாக அதன் பொருள். கொடுத்தவன் காப்பவனுடைய காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். நாம் அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப்போகிறோம். எனக்கு அது ஒரு கறாரான கணக்காகப் படுகிறது. கொடுப்பது ஒரு நாள் வேலை, காப்பது நாள்தோறும் வேலை என்று கொடுத்தவனுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். மன்றாடி சும்மா நெய் அளக்கவில்லை. மிஞ்சிய பாலும் பெருகிய குட்டியும் அவனுடையவை. சாசனம் அவனுக்குப் பிழைப்பைத் தந்துவிட்டுத்தான் கடமையைச் சுமத்தியது. நிரலைக் காக்கிறவனுக்கு மந்தை எங்கே? சிலருக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. ஜிடிகேயைக் காத்தவர்களில் பலர் ரெட் ஹாட் கம்பெனியின் ஊழியர்கள். க்யூட்டின் கதை இன்னும் வெளிப்படை. நார்வேயின் ட்ரோல்டெக் அதை ஆக்கியது. 2008இல் அது நோக்கியாவின் கைக்குப் போயிற்று, 2012இல் டிஜியாவின் கைக்கு. மந்தை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு விற்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் 1998இலேயே கேடிஇ என்ற திரைச்சூழலைக் கட்டியவர்கள் ட்ரோல்டெக்குடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, கம்பெனி திறந்த பதிப்பை வெளியிடாமல் நிறுத்திவிட்டால் தொகுதியை எல்லோருக்கும் உரியதாக விட்டுவிடலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி கைமாறியபோதெல்லாம் அந்த ஒப்பந்தமும் கூடவே வந்தது. கல்லில் வெட்டாத சாசனம்.

ஆகவே என் பதிலை இப்படி வைக்கிறேன். கொடுத்தவனிடம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அதனாலேயே அவனுக்குக் கடமை இல்லை என்று ஆகிவிடாது. விளக்கொளியில் சாமி பார்த்தவன் மன்றாடியின்மேல் வழக்குப் போட முடியாது. மன்றாடி கடமைப்பட்டிருப்பது விளக்குக்கு. அந்தக் கடமையும் ஒருவன் ஆயுள் முழுக்கச் சுமப்பதாக இருந்தால் அது அடிமைத்தனம். இறக்கி வைக்க வழி இருக்கும் சுமைதான் அறத்தில் சேரும். எனவே அவனுக்கு மிஞ்சுவது ஒரே கடமை. போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பெர்க்லி மாணவர்கள் போனதில் தவறு காண எனக்கு ஒன்றும் இல்லை. மூலத்தைத் திறந்து வைத்ததன் மூலம் ஒப்படைப்பதற்கான வழியை அவர்கள் முன்கூட்டியே செய்திருந்தார்கள்.

ஒப்படைக்க வேண்டுமானால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். கேள்வி இந்த இடத்தில் நம் பக்கம் திரும்புகிறது.

4

ஸ்கிரைபஸ் என்று ஒரு நிரல் இருக்கிறது. க்யூட் தொகுதியின்மேல் கட்டப்பட்டது. பக்கம் கட்டுவதற்கு உதவும், காசு கிடையாது. சிறுபத்திரிகைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று பல வருஷம் முன்பு ஆசையோடு எடுத்தேன். அதன் 1.4 வரிசையில் தமிழ்க் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றது. சிக்கலான எழுத்துமுறைகளை அடுக்கும் ஏற்பாடு அப்போது அதில் இல்லை. நான் டீக்கடையில் புலம்பினேன். வெள்ளைக்காரன் தனக்காகச் செய்தது, நம் எழுத்து அவனுக்கு எங்கே தெரியும் என்றேன். நண்பர்களும் ஆமாம் போட்டார்கள். பழைய குறியாக்க எழுத்துருக்களுக்கே திரும்பினோம்.

பிறகு நடந்ததைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஓமான் நாட்டில் சில நிரலாளர்கள் அரபியில் பக்கம் கட்ட விரும்பியிருக்கிறார்கள். எங்களைப் போலவே அவர்களுக்கும் ஸ்கிரைபஸ் உதவவில்லை. புலம்புவதற்குப் பதிலாக அவர்கள் உட்கார்ந்து அதன் எழுத்தடுக்கும் பகுதியையே மாற்றி எழுதினார்கள். எழுத்துகளை இணைத்து நிறுத்தும் வேலைக்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலைக் கொண்டுவந்தார்கள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் பல வருஷம் உழைத்து உருவாக்கியது அது. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது, திறந்த எழுத்து என்று பொருள். 2017இல் சோதனைப் பதிப்பிலும் 2024இல் 1.6 என்ற நிலைப் பதிப்பிலும் இந்த மாற்றம் வந்தது. தமிழ்க் கொம்பும் தன் இடத்துக்கு வந்து நின்றது. அரபிக்காக ஓமானில் நடந்த வேலை, ஈரானியர் ஒருவரின் கருவி, நார்வேயில் தொடங்கிய தொகுதி. தமிழுக்காக என்று இதில் நான் செய்தது எதுவும் இல்லை. நான் புலம்பியது யாருக்கும் கேட்டிருக்காது.

இந்தக் கடனை எப்படித் திருப்புவது? ஓமான்காரர்களுக்கு என் நன்றி தேவையில்லை. அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த வகைக் கொடை நேர்கோட்டில் போவதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து வந்து சேர்கிறது. திருப்புவதும் அப்படியே சாய்வாகத்தான் முடியும். எனக்குக் கொடுத்தவனைத் தேடிப் போவதற்குப் பதில், எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. மொழிபெயர்ப்பாளர்கள் இதை அறிவார்கள்.

வாங்கிக்கொள்ள நாம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சிறு உதாரணம். 'கொ' என்று அடித்துவிட்டுப் பின்னழிக்கும் விசையை ஒரு தரம் தட்டினால் என்ன அழிய வேண்டும்? முழு எழுத்துமா, ஒகரம் மட்டுமா? பாங்கோவின் நிரலில் இதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு. இன்னின்ன எழுத்துமுறைகளில் கடைசிக் குறி மட்டும் அழியட்டும் என்று அது சொல்கிறது. ஒகரம் போகிறது, க நிற்கிறது. நம் இலக்கணப்படி கொ என்பது க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தது. ஒகரத்தை எடுத்தால் மிஞ்ச வேண்டியது க் அல்லவா? க எங்கிருந்து வந்தது? 1988இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற குறியாக்கத்தில் அகரமேறிய மெய்யை அடிப்படையாக வைத்தார்கள். யூனிகோட் 1991இல் அதே அமைப்பைத் தழுவியது. கருவித்தொகுதி அதன்மேல் நிற்கிறது. நாம் ஒவ்வொரு தரம் பிழை திருத்தும்போதும், உயிரும் மெய்யும் பிரிவதைப் பற்றி வேறொரு கொள்கையை விரல்நுனியில் ஒப்புக்கொள்கிறோம். அது தவறான கொள்கை என்று நான் சொல்ல வரவில்லை. நடைமுறைக்கு அதுவே சௌகரியமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானம் எடுக்கப்படும் அறையில் ஒரு தமிழ் வாசகன் உட்கார்ந்திருக்க எந்தத் தடையும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே விடவில்லை என்று சொல்வது நமக்கு ஒரு கலையாகவே ஆகிவிட்டது.

5

காப்பவர்களைப் புனிதர்களாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. காப்பவன் கையில் அதிகாரம் இருக்கிறது. ஜிடிகேயின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல் மூன்றாம் பதிப்பில் அப்படியே ஓடாது. மாற்றி எழுத வேண்டும். மூன்றாம் பதிப்போடு க்னோமின் முகமும் தலைகீழாக மாறியபோது, பழைய முகமே போதும் என்ற ஓர் அர்ஜென்டீனக்காரர் 2011இல் பழைய மூலத்தைப் பிரித்தெடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார். பிரிந்துபோகும் உரிமை திறந்த மூலத்தின் ஆகப் பெரிய உரிமை. காப்பவனின் அதிகாரத்துக்கு அதுதான் எல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பழையதைக் காப்பாற்றப் பிரிந்த அந்த மாத்தேயே 2017இல் முழுவதும் ஜிடிகேயின் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. கீழே தரை நகர்ந்துவிட்டது. பழைய முகத்தை வைத்துக்கொள்ளவே புது உடம்பு தேவைப்பட்டது.

மரபு மரபு என்று பேசுகிறவர்களும் மரபை உடைக்கிறோம் என்று பேசுகிறவர்களும் யோசிக்க வேண்டிய இடம் இது. ஏடு பெயர்த்து எழுதியவர்களை நாம் நினைப்பதில்லை. ஓலைக்குச் சில நூற்றாண்டு ஆயுள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை புலவர்கள் எழுதிய ஓலைகள் அல்ல. பெயர்த்தெழுதியதைப் பெயர்த்தெழுதியதன் பெயர்ப்புகள். நடுவில் நின்ற எத்தனையோ கைகளுக்குப் பெயர் இல்லை. அவர்களில் பலருக்குத் தாங்கள் எழுதியதன் பொருள் முழுக்க விளங்கியிருக்காது. பிழையும் விட்டார்கள். ஆனால் ஒருவன் சலித்து நிறுத்தியிருந்தால் அந்தக் கிளை அங்கேயே பட்டுப்போயிருக்கும். கவிதை ஒரு தரம் எழுதி முடித்ததும் நிலைத்துவிடுகிறது என்று நாம் நம்புவது, இந்தக் கைகளை நாம் பார்க்காததால் வந்த பிரமை. நிரலுக்கும் கவிதைக்கும் இந்த விஷயத்தில் வேகம்தான் வேறு. ஒன்று சில வருஷத்தில் பட்டுப்போகிறது, மற்றொன்று சில நூறு வருஷத்தில்.

நம் வட்டத்தில் ஆக்குகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. தொகுப்புக்கு மெய்ப்புப் பார்க்கச் சொன்னால் ஆள் கிடைக்காது. நின்றுபோன இதழ்களின் முழுத் தொகுதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, நானும் அந்த வரிசையில் நிற்கிறேன்.

நான் பக்கம் கட்டும் நிரலில் தமிழ் வரி முறியும் இடத்தில் ஒரு பிழை இருப்பது இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். எந்த எழுத்துக்குப் பின் நேர்கிறது, எப்போது நேர்வதில்லை என்றுகூடக் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பைத் துலக்கமாக எழுதி அதைக் காப்பவர்களுக்கு அனுப்ப ஒரு மாலைப்பொழுது போதும். இந்தக் கட்டுரைக்குப் பதினோரு மாலைகள் ஆயின.